மறுமைச் சுதந்திரமும் இம்மைச் சந்தோஷமும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை ஒட்டிச் சேலையூர் என்று ஓர் ஊர் இருப்பது நமது வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். இன்று அவ்வூரில் காலி மனை என்று ஒரு முழம் இடம் கிடைப்பதே அரிது. 1930-களிலோ அது ஏரியும் புதர்க்காடுமாய்க் கிடந்த இடம். அந்தச் சேலையூர்க் காட்டில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பெற்று, மரம் நட்டு, கட்டடம் கட்டி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியார் 1937-ல் பட்டணத்து நெரிசலை விட்டு அங்கே குடியேறினார்கள்.

குடியேறிய மறு வருஷமே, அதாவது 1938 டிசம்பரில், அந்தப் புதுக் கட்டடங்களிலே சர்வதேச மிஷனெரி சங்கத்தின் மகாநாடு ஒன்று கூடிற்று. ஏறக்குறைய 70 தேசங்களிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். அமெரிக்காவின் ஜான் மாட் தலைமை வகித்தார். நம் நாட்டின் முதல் ஆங்கிலிக்கன் இந்திய பிஷப்பாகிய, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அவர்களும் அதில் இருந்தார். இம்மகாநாடு முதலில் சீனாவிலுள்ள ஹாங்சௌ நகரத்தில் கூடுவதாகத்தான் ஏற்பாடு. ஜப்பான் படை சீனாவுக்குள் புகுந்துவிட்டபடியால் சேலையூருக்கு மாற்றப்பட்டது. அப்படியும் சீனரும் ஜப்பானியரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். அது பெரிய காரியந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஜெபம் முடிந்து அவரவர் ஊர் திரும்பிய பிறகும் சீனத்தின் மேல் குண்டு விழுவது நிற்கவுமில்லை. அடுத்த வருஷமே அது ஐரோப்பாவிலும் விழ ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

அம்மகாநாட்டிலே பெரிய வாதம் ஒன்று நடந்தது. ஹாலந்து தேசத்து ஹென்ட்ரிக் கிரேமர் என்பவர் இதற்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டு வந்தார். கடவுள் தம்மை வெளிப்படுத்தியது கிறிஸ்துவில் மாத்திரமே, மற்ற மதங்களெல்லாம் மனிதன் தானாகத் தடவித் தேடிய முயற்சிகள் என்பது அவர் கட்சி. அதே கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் போதித்துத் தலைவராகவும் இருந்த ஏ. ஜி. ஹாக் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், மற்ற மதத்தாரிடத்திலும் உண்மையான விசுவாசம் உண்டு என்று எதிர்க்கட்சி பேசினார். (சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தது இந்த ஹாக்கிடந்தான்.) இந்த வாதத்தைப் பற்றி இன்றைக்கும் வேதசாஸ்திரக் கல்லூரிகளில் பாடம் நடக்கின்றது.

இவ்விருவரில் ஜெயித்தவர் யார் என்பது நமக்கு முக்கியமில்லை. இருவரும் ஒப்புக்கொண்டது என்ன என்பதுதான் முக்கியம். மனிதனைக் கட்டியிருக்கின்ற முதல் விலங்கு அவன் உள்ளத்திலே இருக்கின்றது, அதை அவிழ்ப்பதே விடுதலை, அவிழ்ந்தால் வருவதே ஆனந்தம் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. சாவி எத்தனை பேரிடம் இருக்கின்றது என்பதில்தான் சண்டை. அக்கூட்டத்தார் சபைகளின் பொருளாதார நிலைமையையுங்கூட ஆராய்ந்து ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார்கள். அதன் பெரிய கவலை சபை தன் சொந்தக் காலில் எப்படி நிற்பது என்பது. சபையில் இருக்கின்ற மனிதனின் கால் எந்தச் சேற்றில் புதைந்திருக்கின்றது என்பது அந்தக் கவலைக்குப் பின்னால்தான் வந்தது.

கிறிஸ்து மதத்தின் பேரில் குறை சொன்னால் "உங்களுக்கு வேதம் தெரியாது" என்று சொல்லிவிடுவது பாதிரிமார்களின் வழக்கம். ஆகையால் வேதத்திலிருந்தே பார்ப்போம். பவுல் என்பவர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்திலே சுதந்திரத்தைப் பற்றி வெகு உயர்வாகப் பேசுகின்றார். கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமை இல்லை என்றும் எழுதுகின்றார். கேட்பதற்கு நம் காதும் குளிரத்தான் செய்கின்றது. ஆனால் எபேசியருக்கு என்று பவுல் பெயரால் உள்ள கடிதத்திலே அடிமைகள் தங்கள் எஜமானர்களுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டுமென்று புத்தி சொல்லப்படுகின்றது. ஒநேசிமு என்று ஓர் அடிமை; எஜமானிடமிருந்து ஓடிவந்தவன் என்று பெரும்பாலோர் கொள்ளுகின்றார்கள். அவனைப் பவுல் என்ன செய்தார்? "இவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்" என்னும் பொருளில் ஒரு கடிதமும் கொடுத்து, பழைய எஜமானாகிய பிலேமோனிடத்திற்கே திருப்பி அனுப்பினார். அந்தக் கடிதம் உருக்கமானது என்பதில் சந்தேகமில்லை. அந்த உருக்கத்தோடு உருக்கமாய் மனிதன் திரும்பிப் போனான் என்பதிலும் சந்தேகமில்லை.

இது ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி, சீர்திருத்தக் காலத்திற்கே வருவோம். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 1520-ல் கிறிஸ்தவனுடைய சுதந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். போப்பின் கட்டைத் தகர்த்த புத்தகம் என்று இன்றும் புரொட்டஸ்டண்டுகள் அதைக் கொண்டாடுகின்றார்கள். அதைக் கேட்ட ஜெர்மன் குடியானவர்கள், "ஆஹா, நமக்கும் சுதந்திரம் வந்தது" என்று நம்பிவிட்டார்கள். 1525 மார்ச்சு மாதம் மெம்மிங்கன் என்னும் ஊரில் கூடி 12 கோரிக்கைகள் எழுதினார்கள். அவற்றில் மூன்றாவது கோரிக்கை என்னவென்றால், கிறிஸ்து தமது இரத்தத்தால் ஆடு மேய்ப்பவன் முதல் பிரபு வரை எல்லோரையுமே மீட்டிருப்பதால் இனி எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருக்கக் கூடாது என்பதுதான். வேத ஆதாரத்தோடுதான் கேட்டார்கள். தப்பிருந்தால் வேதத்தைக் கொண்டே காட்டுங்கள், விட்டுவிடுகின்றோம் என்றுங்கூடச் சொன்னார்கள்.

லூதர் என்ன பதில் சொன்னார்? நீங்கள் கிறிஸ்தவ சுதந்திரத்தை மாம்ச சம்பந்தமானதாக ஆக்குகின்றீர்கள். அடிமையாய் இருப்பவனும் கிறிஸ்தவ சுதந்திரத்தோடு இருக்கலாம் என்பதே அவர் பதிலின் சாரம். குடியானவர்கள் கலகத்தில் இறங்கியதும், அவர்களைக் குத்தவும் வெட்டவும் பிரபுக்களைத் தூண்டி இன்னொரு பிரசுரமும் எழுதினார். அந்த வருஷம் செத்த குடியானவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாமென்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகின்றார்கள்.

தோழர்களே! இங்கேதான் விஷயம் இருக்கின்றது. குடியானவன் கேட்ட சுதந்திரம் ஒன்று; குருமார் கொடுத்த சுதந்திரம் வேறொன்று. இரண்டுக்கும் பெயர் மாத்திரம் ஒன்றாயிருந்தது. பட்டினியாய் வந்தவனுக்குச் சோற்றைப் படமாக எழுதிக் காட்டினால் அதற்குப் பெயர் விருந்தா என்று கேட்கின்றோம்.

இதைப் படித்துவிட்டு நமது வைதிகர்கள் கை தட்ட வேண்டியதில்லை. அவர்கள் கடையிலும் இதே சரக்குத்தான். ஆத்மாவைக் கத்தி வெட்டாது, நெருப்பு சுடாது என்று சொல்லிவிட்டு, அந்த ஆத்மாவைச் சுமந்திருக்கின்ற உடம்பைக் குளத்தில் இறங்காதே, தெருவில் நடவாதே என்றவர்கள் அவர்கள். ஹாக் பாதிரியார் 1909-ல் கர்மத்தையும் மீட்பையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். நாம் ஒப்பிட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும். கர்மம் பேசுகிறவன், நீ படும் அடிக்கு உன் போன ஜென்மம் காரணம் என்கின்றான்; பாவம் பேசுகிறவன், உன் ஆதித் தகப்பன் ஆதாம் காரணம் என்கின்றான். அடித்தவன் பெயர் இரண்டு கணக்கிலும் கிடையாது.

இது நிற்க. நம் நாட்டுக்கு வந்த பாதிரிமார்கள் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொன்னால் அது பொய்யாகும். சேலையூர்க் கல்லூரியின் பூர்வோத்தரத்தையே பாருங்கள். 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னையில் நடத்திய பள்ளிக்கூடந்தான் இதற்கு வித்து. அடுத்த வருஷமே அப்பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்திருப்பது தெரிந்து, மேல்சாதிப் பெற்றோர்கள் அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். மேல்சாதிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய் விலகினார்கள். பள்ளிக்கூடமே காலியாகிவிடும் போலிருந்தும் அவர் அசையவில்லை. அவருடைய கடவுளை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மறுப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நமது சர்க்காரோ, நமது மடாதிபதிகளோ அன்று அதைச் செய்யவில்லை.

தெற்கே போனால் இன்னும் பெரிய கதை இருக்கின்றது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று ஒரு கொடுமை இருந்தது. மிஷனெரிகள் பள்ளிக்கூடம் வைத்துப் பெண்களைப் படிக்கவைத்ததும், அவர்கள் முதலில் குப்பாயமும் பிறகு தோள்சீலையும் போட ஆரம்பித்தார்கள். 1814-ல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாமென்று உத்தரவு வந்தது. 1829-ல் தோள்சீலை கூடாது என்று மகாராணியாரின் விளம்பரம் வந்தது. தெருவிலே சேலையைக் கிழித்தார்கள்; ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். 1858-59-ல் கலகம் முற்றி, சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியனின் நெருக்கடியின் பேரில், 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்தார். அதிலுங்கூட, மேல்சாதிப் பெண்கள் அணிவது போலவே அணியக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது!

இந்தச் சம்பவத்தில் நாம் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பெண்கள், "எங்கள் ஆத்துமா விடுதலையாகிவிட்டது, உடம்பு எப்படியிருந்தால் என்ன?" என்று இருந்துவிடவில்லை. ஆத்தும விடுதலை என்று பிரசங்கத்தில் கேட்டதைத் தங்கள் உடம்பின் மேல் ஒரு முழத் துணியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஜெர்மன் குடியானவர்கள் செய்த அதே "தப்பை"த்தான் இவர்களும் செய்தார்கள். லூதருடைய பதிலை இவர்கள் கேட்டிருந்தால் தோள்சீலை கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சில பாதிரிமார்கள் இவர்கள் பக்கம் நின்று மனு எழுதினார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் அடிபட்டுக்கொண்டு தெருவில் நடந்தவர்கள் இந்தப் பெண்கள்தானே?

அப்படியானால் கிறிஸ்து மதத்தில் சேர்ந்தவனுக்கு விடுதலை வந்துவிட்டதா? 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் என்பவர், சபைக்குள் சாதி உடனே அடியோடு ஒழியவேண்டுமென்று கட்டளை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியே போனார்களே யல்லாமல், பாயில் சேர்ந்து உட்காரச் சம்மதிக்கவில்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்குப் பேர்போன தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினவர்தான். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் உண்டு. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கமாகக் கால்சட்டை போல இரண்டு கால் வைத்துக் கட்டி, நடுவே தடுப்பும் வைத்திருந்தார்கள். 1910-ல் மேற்றிராணியார் உத்தரவால் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது அக்கிரமம் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை ஹைக்கோர்ட்டு வரைக்கும் வழக்காடித் தோற்றார்கள். கடவுளைக் கும்பிடுவதற்கு வழக்கில்லை. பக்கத்தில் நிற்பவன் யார் என்பதற்குத்தான் வழக்கு.

இதுவும் பழங்கதையென்றால், எறையூர் பழங்கதையல்ல. விழுப்புரம் பக்கத்து எறையூரிலே ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் கோயிலில், சவ ஊர்வலத்தில், சுடுகாட்டுப் பாதையில் எல்லாம் வேற்றுமை. எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்று ஆதிதிராவிடர்கள் கேட்கப்போய், 2008 மார்ச்சில் கலகமாகி, வீடுகள் சூறையாடப்பட்டு, போலீஸார் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்த சங்கதி பல வருஷம் பத்திரிகைகளில் நாறியது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க பிஷப்புகளின் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இருக்கின்றது என்று தங்கள் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். ஆனால் இத்தனை காலம் ஒரே பந்தியில் நற்கருணை கொடுத்தும் சுவர் எப்படி நின்றது? ஆத்துமாவில் எல்லோரும் ஒன்று என்று சொன்னதால்தான் நின்றது என்பது நமது அபிப்பிராயம். அந்த ஒற்றுமைக்குச் சுவர் ஒரு இடைஞ்சலாகவே இல்லையே!

இனி, மதம் சாராத நவீன சுதந்திரம் என்று நாம் பெருமையாகப் பேசிக்கொள்வதைப் பார்ப்போம். பாதிரியாரைத் தராசில் வைத்த பிறகு நம்மை வைக்காமல் விடுவது நியாயமல்ல.

1776-ல் அமெரிக்கர்கள் செய்த சுதந்திர விளம்பரத்திலே, உயிரும் சுதந்திரமும் சந்தோஷத்தைத் தேடிக்கொள்வதும் மனிதனுடைய உரிமைகள் என்று எழுதினார்கள். சந்தோஷம் பரலோகத்திலிருந்து பூமிக்கு இறங்கிய நாள் அது என்று சொல்லலாம். ஆனால் அதை எழுதிய ஜெபர்சனிடமே நூற்றுக்கணக்கான நீக்ரோ அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் அநேகர் ஜெபர்சன் செத்த பிறகு ஏலத்தில் விற்கப்பட்டார்கள். ஆகவே, காகிதத்தில் எழுதிய சுதந்திரமும் ஒருவகையில் பரலோகச் சுதந்திரம் மாதிரிதான். எட்டி எடுக்கிற வரைக்கும் அது மனிதனுடையதல்ல.

நம் நாட்டிலேயே ஒரு வழக்கைக் கேளுங்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தோழர். பிறப்பால் ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவருக்கு இல்லையென்றது. ஏனென்றால், இந்துவாகவோ சீக்கியராகவோ இல்லாதவன் ஷெட்யூல்டு வகுப்பானல்ல என்பது 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின் மூன்றாம் பாராவிலிருந்து வந்த சட்டம். முதலில் இந்துக்கள் மாத்திரம் என்றிருந்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அந்தத் தோழர் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார். 'சூசை வழக்கு' என்று சட்டப் புத்தகத்தில் பெயர். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறின பிறகும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் சாதியின் கொடுமை அதே அளவில் தொடர்கின்றது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லையென்று மனு தள்ளப்பட்டது.

இதன் வேடிக்கையைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கழன்றுவிடுகின்றது என்பது பாதிரியார் பிரசங்கம். அதைப் பாதிரியாரின் கல்லறைத் தோட்டமே நம்பவில்லை. ஊரார் நம்பவில்லை, வேலை கொடுக்கிறவன் நம்பவில்லை, பெண் கொடுக்கிறவன் நம்பவில்லை. நம்பினது ஒரே ஒருவர்தான். அவர் யாரென்றால், மதமே இல்லாதவர் என்று சொல்லிக்கொள்கின்ற நம்முடைய மதச்சார்பற்ற சர்க்கார்! சலுகையை மறுக்க வேண்டிய இடம் வந்ததும் சர்க்காருக்கு எவ்வளவு பெரிய விசுவாசம் வந்துவிடுகின்றது பாருங்கள்.

இதனால் நஷ்டம் பெட்டிக்கடை மாத்திரமல்ல. தமிழ்நாட்டில் இப்படி மாறினவர்களைப் பிற்பட்ட வகுப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றார்கள். அந்த மட்டில் படிப்புக்கும் உத்தியோகத்திற்கும் ஏதோ கிடைக்கின்றது. ஆனால் சாதியைச் சொல்லி ஒருவனை அடித்தால் 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்கு உதவிக்கு வராது. தனித் தொகுதியில் தேர்தலுக்கு நிற்கவும் முடியாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கின்றான்? ஆகவே எத்தனையோ குடும்பங்களில் சர்டிபிகேட்டில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மதம். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஷெட்யூல்டு வகுப்புச் சான்றிதழ் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, ஒழுங்காகக் கோயிலுக்குப் போகின்ற நீ உத்தியோகத்துக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்ற முறையில் தீர்ப்பாயிற்று. நாம் எந்தக் கடவுளையும் கும்பிடச் சொல்லுகிறவர்களல்ல. ஆனால் கும்பிடுகிற கடவுளை மறைத்தால்தான் பிள்ளைக்குச் சோறு என்றிருந்தால், அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு கொடுக்கின்ற மனச்சாட்சிச் சுதந்திரம் என்ன சுதந்திரம்? சேரிக்காரனுக்கு அது, வயிற்றை ஒரு பக்கமும் மனத்தை ஒரு பக்கமும் வைத்து எதை வேண்டுமோ எடுத்துக்கொள் என்று சொல்லுகின்ற சுதந்திரந்தானே?

இனிச் சந்தோஷத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

பழைய பாதிரியார், இங்கே அழு, அங்கே சிரிப்பாய் என்றார். அந்த வாக்குறுதியில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே போய்விட்டு வந்து, சிரிப்பு கிடைக்கவில்லையென்று புகார் செய்தவன் ஒருவனும் கிடையாது. இப்போது சேலையூர், தாம்பரம், இன்னும் எந்தப் புறநகர்ப் பக்கம் போனாலும் வேறொரு வகைப் போதகர்களின் விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. இவர்கள் தவணை சொல்வதில்லை. இங்கேயே, இப்போதே ஆசீர்வாதம் என்கின்றார்கள். வெளிநாட்டு விசா, கடன் தீர்தல், கர்ப்பம் தரித்தல், சொந்த வீடு எல்லாம் ஜெபத்தால் வரும். தசமபாகம் மாத்திரம் முன்னால் வரவேண்டும். இதற்கும் பக்கத்துத் தெருவிலே பரிகாரப் பூஜை செய்கின்ற ஜோசியருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே கோபம் வரும்.

மதம் வேண்டாம் என்கின்ற புதுக்காலத்து மனிதனாவது சந்தோஷத்தை ஒழுங்காகக் கண்டுபிடித்தானா? அவனுக்கும் அதே விசா, அதே வீடு, அதே கார். தசமபாகத்துக்குப் பதில் மாதத் தவணை. சம்பளம் வந்த மூன்றாம் நாள் பாங்கிக்காரன் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் சந்தோஷப்படவேண்டும். அதுவும் இல்லாத கூலிக்காரனுக்கு 2003 முதல் சர்க்காரே கடை வைத்து ஊற்றிக் கொடுக்கின்றது. இதைத்தான் சந்தோஷம் என்பதானால், பாதிரியார் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில் தப்பில்லை.

இங்கிலாந்து தேசத்து அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927 மார்ச்சில், தாம் ஏன் கிறிஸ்தவரல்ல என்பதைப் பற்றி லண்டனில் ஒரு சொற்பொழிவு செய்தார். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அநேகர். அதே ரஸ்ஸல் 1930-ல் சந்தோஷத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தைத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. மதம் பயத்தின் மேல் நிற்கின்றது என்று முதலில் சொன்னவர், பின்னதில் மனிதனைத் தின்னுகின்றவை என்று பயம், பொறாமை, பாவ உணர்ச்சி, ஊர் என்ன சொல்லுமோ என்ற நடுக்கம் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கின்றார். பயம் இருக்கின்ற இடத்தில் கடவுளைத் துரத்தினால் மாத்திரம் சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். நம் தோழர்களில் சிலர் அறிந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையார் சதுர்த்தி கொண்டாடாத வீட்டில் வரதட்சணை வாங்கினால் அந்த மருமகளுக்கு என்ன சந்தோஷம்?

வருஷந்தோறும் உலகத் தேசங்களின் சந்தோஷத்தைக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை வருகின்றது. 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு வருஷமும் பின்லாந்து தேசந்தான் முதலிடம். எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்றால், 0 முதல் 10 வரை படியுள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள், உன் வாழ்வு எந்தப் படியில் நிற்கின்றது என்று ஜனங்களையே கேட்கின்றார்கள். உன் ஆத்துமா இரட்சிக்கப்பட்டதா என்றும் கேட்பதில்லை. உன்னிடம் எத்தனை கார் என்றும் கேட்பதில்லை. பின்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் பேருக்கு லூதரன் சபையார்; வாரந்தோறும் கோயிலுக்குப் போகிறவர்கள் மிகச் சொற்பம். அவர்கள் கடவுளை விட்டதால் சந்தோஷம் வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பாதிரியார் கணக்கைத் தலைகீழாகப் பிடிப்பதேயாகும். பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லை. வியாதி வந்தால் வீட்டை விற்க வேண்டியதில்லை. வேலை போனால் பட்டினியில்லை. இந்தப் பயங்கள் போன இடத்தில் மனிதன் தன் படியைச் சற்று மேலே காட்டுகின்றான். அவ்வளவுதான் அதில் உள்ள இரகசியம்.

ஒரு கிராமத்துத் தோழர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோயிலில் போய் அழுகின்றாள். அவளுக்கு உங்கள் பகுத்தறிவு என்ன கொடுக்கும்?" என்று. நியாயமான கேள்வி. அந்தத் தாயிடம் போய்க் கடவுள் இல்லையென்று வாதாடுகிறவன் பகுத்தறிவுவாதியல்ல, முரடன். ஆனால் அங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? சபையைச் சேர்ந்த நாலு பெண்கள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். அந்த ஆறுதல் மனிதர் மனிதருக்குக் கொடுத்தது. அதன் புகழ் மாத்திரம் மேலே போய்விடுகின்றது. இப்படி நாலு பேர் வந்து உட்காரும் வழக்கம் நம் மன்றங்களில் எத்தனையில் இருக்கின்றது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். துக்க வீட்டுக்குத் துண்டுப் பிரசுரத்தோடு போகிறவர்கள் நம்மில் உண்டு.

மூன்றாம் பாராவின் விஷயத்துக்கே திரும்புவோம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், ஷெட்யூல்டு வகுப்பு என்பதை மதத்திலிருந்து பிரித்துவிட வேண்டுமென்று அறிக்கை கொடுத்தது. 2022 அக்டோபரில் இதே விஷயத்தை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் ஒன்று சொன்னதை ஏற்காமல் இன்னொரு கமிஷன் போடுவது நம் சர்க்காருக்குப் புதிதல்ல. ஆனால் 1985-ல் கோர்ட்டு கேட்டது ஆதாரம். அந்த ஆதாரம் வேறெங்கும் இல்லை. மேற்றிராசனங்களின் பதிவேடுகளிலே இருக்கின்றது. எந்தப் பங்கில் இரண்டு கல்லறைத் தோட்டம், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் சுவர், எந்த ஊரில் தேர்ப்பவனி சேரிக்குள் வருவதில்லை, எந்தக் கோயிலில் ஆதிதிராவிடப் பையனைப் பீடத்தில் உதவிக்கு நிற்க விடுவதில்லை என்பதெல்லாம் பங்குச் சாமியார்களுக்கு மனப்பாடம். 2016-ல் பொதுவாக ஒப்புக்கொண்ட பிஷப்புகள், இந்தப் பட்டியலை ஊர் பேரோடு அச்சிட்டு, தங்கள் கையெழுத்தைப் போட்டுக் கோர்ட்டில் கொண்டுபோய் வைக்கட்டும். தங்கள் சபைக்கு அவமானமாயிற்றே என்று பார்ப்பார்களானால், அந்த அவமானத்தை இதுவரை யார் தலையில் சுமத்தி வைத்திருக்கின்றார்கள் என்பதை, அந்தச் சாலையோரத்துச் செருப்புத் தைக்கும் தோழரின் மனுவைப் பிரித்துப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்.